வெயிலுக்கா, எடைக்கா? கடலோர வண்டிகளுக்கு டயர் காற்று வைக்கும் கணக்கு

சித்திரை, வைகாசியில் பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் வரும்போதே தார் கொதிக்கும். மண்டபம், ராமேசுவரம் போகிற வண்டியைக் காற்றுப் பிடிக்க நிறுத்தினால், "வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் கம்மியா வச்சுக்கங்கண்ணே, இல்லாட்டி வெடிச்சுரும்" என்று பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருத்தர் சொல்லாமல் விடமாட்டார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கணக்கு நேர் எதிராக ஓடுகிறது.

ஒரு காருக்குக் காலையில், 27 டிகிரி குளிர்ச்சியில், 33 பாயிண்ட் வைத்ததாகக் கொள்வோம். (பேச்சில் பாயிண்ட் என்பது பிஎஸ்ஐ.) மத்தியான ரோட்டில் வேகமாக ஓடி, டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரிக்கு வந்தால் கேஜில் 38 காட்டும். அதாவது 5 கூடுகிறது, அவ்வளவுதான். கம்பெனி 33 என்று ஸ்டிக்கரில் போட்டபோதே இந்த ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது. டயர் தாங்கக்கூடிய அழுத்தம் இதைப் போலப் பல மடங்கு. இப்போது பயந்துபோய் 38-ஐ 33-க்கு இறக்கினால் என்ன ஆகும்? மறுநாள் காலை டயர் ஆறியதும் 28 நிற்கும். அந்த 28-உடன் மறுபடி வெயிலில் ஓடும்போது பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. கார் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். அத்தனை மடிப்பும் சூடாக மாறுகிறது. ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் ஒட்டிய இடம் சூட்டில் விடுகிறது. அப்புறம் ஒரு பள்ளமோ ஒரு வளைவோ போதும். ரோட்டோரம் சுவர் கிழிந்து, உள்ளே கறுப்புத் தூளோடு கிடக்கும் டயரைப் பார்த்தால் அது காற்றுக் குறைவில் ஓடியது என்று டயர் கடைக்காரர் சொல்லிவிடுவார். காற்று சரியாக இருக்கும் டயர் ஆணி குத்தியோ பள்ளத்தில் அறைபட்டோ போகும். உள்சுவர் தூளாக உதிராது.

ஆக எத்தனை பாயிண்ட் என்பதை முடிவு செய்வது வெயில் இல்லை. எடைதான் முடிவு செய்கிறது. ஒரு சக்கரத்தில் 300 கிலோ இறங்கினால், 33 பாயிண்டில் அது தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர், விரல்களோடு சேர்த்து ஒரு கை அளவு. எடை கூடி, காற்று கூடாவிட்டால் அந்தப் பரப்பு விரிந்தாக வேண்டும். விரிவது என்றால் மடிவது. மடிவது என்றால் சூடு.

எண் எங்கே இருக்கிறது? காரில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம். இரண்டு சக்கர வண்டியில் செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மிலோ ஒட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் கையேட்டில் கட்டாயம் இருக்கும். ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் போட்டிருந்தால் 6.9-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 230 என்றால் 33. பார் கணக்கில் இருந்தால் 14.5-ஆல் பெருக்க வேண்டும். பழைய ஆட்கள் சொல்லும் கிலோ கணக்குக்கு 14.2. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் 44, 51 போன்ற எண் அந்த டயர் குளிர்ந்த நிலையில் ஏற்கும் உச்ச அழுத்தம். வண்டிக்கான எண் இல்லை. ஒரே டயர் சின்னக் காருக்கும் பெரிய காருக்கும் போடப்படுவதால் டயர் கம்பெனிக்கு உங்கள் வண்டியின் எடை தெரியாது. அதைப் பார்த்து 44 அடித்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். டயரின் நடுப்பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டை) மட்டும் தேய்ந்து, மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும் வண்டி அவர்களுடையதாக இருக்கும்.

பல ஸ்டிக்கர்களில் இரண்டு வரிசை இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று இரண்டு மூன்று பேர் போகும்போது, இன்னொன்று ஆளும் சாமானும் முழுசாக ஏறும்போது. இரண்டாவது வரிசையில் பின் டயர் எண் முன்னதை விட நன்றாகவே தூக்கலாக இருக்கும். ராமேசுவரம் வரும் ஏழு பேர் வண்டியைப் பாருங்கள். ஏழு பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 455. மேலே கேரியரில் பெட்டி, பாத்திரம், திரும்பும்போது தீர்த்தக் கேன், ஈரத் துணி. அரை டன்னைத் தாண்டிவிடும். அதில் முக்கால்வாசி பின் அச்சில் இறங்குகிறது. வீட்டிலிருந்து கிளம்பும் காலையிலேயே பின் டயருக்கு இரண்டாவது வரிசை எண்ணைப் பிடித்துவிட வேண்டும். வழியில், சூட்டில் அல்ல. ஊர் திரும்பி ஆட்கள் இறங்கியபின் ஒரு காலைநேரம் பார்த்துப் பழைய எண்ணுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

மீன் வண்டிக்காரர்கள் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் லோடு பிடிக்கும்போது வியாபாரி சொல்வது மீனின் எடை. ஐஸை யாரும் எடையாகச் சொல்வதில்லை. நம் சூட்டுக்கு மீன் கெடாமல் தூரம் போக ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதுதான் வழக்கமான அளவு. அப்படியானால் 400 கிலோ மீன் என்று வந்தது 800 கிலோ. பெட்டி எடை தனி. முக்கால் டன் ஏற்றக்கூடிய சின்ன யானை வகை வண்டி அங்கேயே அளவைத் தாண்டிவிட்டது. இந்த வண்டிகளின் சின்ன டயரில் எல்டி 8 பிஆர் (சின்ன லாரிக்கான டயர், எட்டு அடுக்கு வலு) என்று பொறித்திருக்கும்; அவற்றின் உச்சம் பெரும்பாலும் 65 பாயிண்ட் வாக்கில். முழு லோடுக்கு ஸ்டிக்கர் சொல்லும் பின் டயர் எண் அதை ஒட்டித்தான் இருக்கும். அளவு மீறிய லோடுக்கு 75, 80 அடித்துச் சரிக்கட்டலாம் என்று நினைப்பது வேலைக்கு ஆகாது. காற்று கூட்டினாலும் டயரின் சுவரும் டிஸ்க்கும் (டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரம்) அச்சும் அதே பழையவைதான். லோடைக் குறைப்பது, இல்லையென்றால் இரண்டு நடை. ஐஸ் உருகி வழியில் எடை குறையுமே என்று நடுவில் காற்றை இறக்கவும் வேண்டாம். உருகிய தண்ணீர் போனபின் மிஞ்சும் எடைக்குக் காற்று சற்றுக் கூடுதலாக இருப்பதில் பெரிய கெடுதல் இல்லை.

எப்போது அளப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். அதுவும் நிழலில். தனுஷ்கோடியில் வெயிலில் நிறுத்தி, திரும்பி வந்து அளந்தால் வெயில் பட்ட பக்கத்து டயர் இரண்டு மூன்று பாயிண்ட் கூடுதலாகக் காட்டும். நிழல் பக்கம் லீக் என்று நினைத்துப் பஞ்சர் கடை தேடுவார்கள். விடிவதற்கு முன்போ, விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்போ வீட்டு வாசலில் அளப்பதே சரியான அளவு.

ஆனால் வீட்டில் காற்று பிடிக்க வசதி இல்லை, பெட்ரோல் பங்க் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி உச்சிப்புளியிலோ தங்கச்சிமடத்திலோ இருக்கிறது என்றால்? இதற்கு ஒரு எளிய வழி உண்டு. சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டிலேயே நாலு டயரையும் அளந்து எழுதுங்கள். 33 வேண்டும், 29 இருக்கிறது என்றால் குறை 4. பங்க் போய்ச் சேரும்போது அதே டயர் சூட்டில் 31 காட்டலாம். அங்கே இருக்கும் மெஷின் தன் பங்குக்கு 30 என்றோ 33 என்றோ காட்டலாம். எது காட்டினாலும் கவலையில்லை. அந்த மெஷின் காட்டும் எண்ணோடு 4-ஐக் கூட்டி அதையே செட் செய்யச் சொல்லுங்கள். 31 காட்டினால் 35. தேவைப்படுவது வித்தியாசம் மட்டும்தான் என்பதால் மெஷினின் பிழையும் டயரின் சூடும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகின்றன. மறுநாள் காலை ஒருமுறை அளந்து பார்த்தால் முடிந்தது. "33 வையுங்க தம்பி" என்று சூட்டு டயரோடு போய் நின்றால் கிடைப்பது உண்மையில் 31 வாக்கில்தான் இருக்கும்.

கேஜ் விலை பெரிதல்ல. பேனா மாதிரி இருப்பது மலிவு, ஆனால் கடற்காற்றில் உள்ளே மணலும் துருவும் ஏறி ஒட்டிக்கொள்ளும். டயல் கேஜோ டிஜிட்டலோ வாங்கி, டப்பாவில் போட்டு வண்டிக்குள் வையுங்கள், டேஷ்போர்டு வெயிலில் வேண்டாம். லாரிக்காரர்கள் லிவரால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். அது முழுசாக இறங்கிய டயரைக் காட்டிக்கொடுக்கும். 110-க்கு 90 நிற்பதைக் காட்டாது. காலால் உதைத்துப் பார்ப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

12 வோல்ட் சின்னப் பம்ப் இப்போது பலரிடம் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டே பயன்படுத்த வேண்டும், பத்து நிமிடம் ஓடினால் அதே அளவு ஆறவிட வேண்டும். அதன் சொந்தக் கேஜை நம்பாமல் உங்கள் கேஜால் கடைசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்துக்கே உரிய ஒரு தொல்லை கம்ப்ரசர் தண்ணீர். ஈரக்காற்றை அழுத்தினால் டாங்க் அடியில் தண்ணீர் தேங்கும். கடைக்காரர் தினமும் அடிக்குழாயைத் திறந்து வடிக்காவிட்டால் அது ஓசில் ஏறி உங்கள் டயருக்குள் போகும். பிடிப்பதற்கு முன் ஓஸ் முனையை ஒரு காகிதத்தில் இரண்டு விநாடி அழுத்திப் பாருங்கள். காகிதம் நனைந்தால் வேறு கடை. உள்ளே போன தண்ணீர் சூட்டில் ஆவியாகி, கேஜ் காட்டும் அளவை அதிகம் ஏற்றி இறக்கும், இரும்பு டிஸ்க்கை உள்ளிருந்து தின்னும். நைட்ரஜனுக்குப் பச்சை மூடி போட்டுத் தருபவர்கள் சொல்வதில் இந்த ஒரு விஷயத்தில் நியாயம் உண்டு: அது உலர்ந்தது. மற்றபடி சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு வாங்காமல் கொடுத்தால் பிடியுங்கள். கிடைக்காத ஊரில் காற்று குறைந்தால் சாதாரணக் காற்றையே கலந்து பிடிக்கலாம், ஒன்றும் ஆகாது.

நல்ல டியூப்லெஸ் டயர் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் தானாக இழக்கும். வாரத்துக்கே இரண்டு மூன்று போனால் எங்கோ ஓட்டை. இந்தப் பக்கம் சந்தேகப்பட வேண்டியவை மூன்று.

முதலாவது சீமைக்கருவேல முள். ரோட்டோரம் இறக்கி நிறுத்தினாலே ஏறிவிடும். மெல்லிசாக முறிந்து பட்டனுக்குள் நின்றுகொண்டு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடும், கண்ணுக்கும் தெரியாது. டயரை நனைத்துக் கையால் தடவினால் குத்தும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நுரை ஊசி முனையளவு கிளம்பும். பிடுங்குவதை வழியில் செய்யாதீர்கள், கடையில் போய்ப் பிடுங்குங்கள்.

இரண்டாவது வால்வு. எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தாலே குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் பின் (ஊசி) தளர்ந்திருக்கிறது. அதற்கான சாவியால் கால் சுற்று இறுக்கினால் போதும், நெரிக்கக் கூடாது. மூடி கட்டாயம் இருக்க வேண்டும். பித்தளை வால்வில் பளபளவென்று அலுமினிய மூடி போடுவது கடலோரத்தில் வினையை விலைக்கு வாங்குவது. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் கடித்துக்கொண்டு, கழற்றும்போது வால்வே முறியும். ரப்பர் வாஷர் உள்ள பிளாஸ்டிக் மூடிதான் இங்கே சரி.

மூன்றாவதுதான் பலர் கண்டுபிடிக்கத் தவறுவது: டிஸ்க் விளிம்பு. ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் மீன் வண்டியின் பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. அலை தெறிக்கும் ரோட்டில் போய்வந்த கார்களுக்கும் அதே கதி. டயர் உட்காரும் விளிம்பில் இரும்பானால் துரு, அலாய் ஆனால் வெள்ளைப் பொரி கிளம்பி, டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் இடம் உண்டாகிறது. பஞ்சர் கடையில் தொட்டியில் முக்கும்போது குமிழி ஒரே இடத்தில் இல்லாமல் விளிம்பு நெடுக வந்தால் இதுதான். டயரைக் கழற்றி, கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் போட்டு விளிம்பைச் சுத்தமாக்கி, பீடு சீலர் (விளிம்பை அடைக்கும் பசை) தடவி ஏற்ற வேண்டும். கழற்றாமல் உள்ளே சீலன்ட் திரவம் ஊற்றிக் கொடுத்தால் கொஞ்ச நாள்தான் தாங்கும். கடல் பக்கம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் சக்கரத்தை உட்பக்கமும் அலசுவது இந்தச் செலவைத் தள்ளிப்போடும்.

வைத்த எண் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று டயரே சொல்லும். சாக்கட்டியால் பட்டன் மேல் குறுக்காக ஒரு தடிமனான கோடு போட்டு, சமதளத்தில் நேராக நூறு மீட்டர் ஓட்டுங்கள், வழக்கமான லோடுடன். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் அந்த எடைக்குக் காற்று கூடுதல். இரண்டு ஓரமும் அழிந்து நடு நின்றால் குறைவு. டயர் அளவு மாற்றியவர்களுக்கும் ஸ்டிக்கர் கிழிந்துபோன பழைய வண்டிகளுக்கும் இது பெரிய உதவி. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அது காற்று விஷயமே இல்லை, அலைன்மென்ட். இன்னொரு சோதனை: முப்பது கிலோமீட்டர் ஓடி நிறுத்தியதும் புறங்கையால் நாலு டயரையும் தொடுங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் காற்று குறைவு, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கார் ஓடியபின் கேஜில் காலை அளவைவிட நாலைந்து ஏறியிருந்தால் இயல்பு. ஏழு எட்டு ஏறியிருந்தால் காலையில் வைத்தது அந்த எடைக்குப் போதவில்லை. அப்போதும் இறக்காதீர்கள், மறுநாள் காலை கூட்டுங்கள்.

பின்னால் ஜோடிச் சக்கரம் உள்ள லாரிகளில் உள் டயரை மறந்துவிடுவார்கள். கைக்கு எட்டாது என்பதுதான் காரணம். உள்ளது இறங்கினால் இரண்டின் எடையையும் வெளி டயர் சுமக்கும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். வால்வு எக்ஸ்டென்ஷன் போட்டு, இரண்டுக்கும் ஐந்து பாயிண்டுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் வைக்க வேண்டும்.

டேஷ்போர்டில் டயர் விளக்கு உள்ள வண்டி என்றால் அது எரியவில்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. பல வண்டிகளில் கால்வாசி குறைந்தால்தான் அது எரியும். 33 வேண்டிய இடத்தில் 26 இருந்தும் விளக்கு அமைதியாக இருக்கலாம்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் இரண்டு விஷயம். காலைக் குளிர்ச்சி கூடுவதால் மே மாதத்தில் வைத்தது தானாகச் சற்று இறங்கியிருக்கும். அடுத்தது, ஈசிஆரில் தண்ணீர் நிற்கும்போது டயர் மிதப்பது. விமான டயர் ஆய்விலிருந்து வந்த சூத்திரப்படி, தேங்கிய தண்ணீரில் 33 பாயிண்ட் டயர் 95 கிலோமீட்டர் வேகம் வாக்கில் மிதக்கும், 24 பாயிண்ட் என்றால் 82-லேயே. பட்டன் தேய்ந்திருந்தால் இதைவிட முன்பே. மழைக்குப் பிடிமானம் வரட்டும் என்று காற்றை இறக்குவது ஆபத்தை நாமே கூட்டிக்கொள்வது.

ஆடிக் காற்றில் பாம்பன் சாலைப் பாலம் ஏறும்போது, மேலே கேரியர் கட்டிய வேன் ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதை ஓட்டியவர்கள் அறிவார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மறைவே கிடையாது. பின் டயர் சுவர் தொய்வாக இருந்தால் ஸ்டீயரிங் திருப்பியபின் வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். அந்த ஆட்டத்துக்கு மருந்து முழு லோடு எண்ணும் குறைந்த வேகமும்தான்.

காற்றைக் குறைக்க வேண்டிய ஒரே இடம் மணல். தனுஷ்கோடி ரோட்டில் காற்று மணலை அள்ளிக் கொண்டுவந்து போடும். ஓரம் இறங்கிய கார் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், அச்சு வரை இறங்கிவிடும். சக்கரத்தை நேராக்கி, முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரிவிட்டு, இழுக்கும் சக்கரம் இரண்டிலும் (சின்னக் கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம்) வால்வுப் பின்னைச் சாவி முனையால் அழுத்தி 20-க்கு இறக்குங்கள். டயர் அகன்று மணல் மேல் நிற்கும். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக வெளியே வரலாம். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஓட்டுபவர்கள் 15 வரை போவார்கள், ஆனால் அந்த அளவில் சட்டென்று ஸ்டீயரிங் ஒடித்தால் டயர் டிஸ்க்கை விட்டு வெளியே வந்துவிடும். தார் ரோட்டுக்கு ஏறியதும் பம்ப் வைத்து ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். பம்ப் இல்லையென்றால் காற்று கிடைக்கும் இடம் வரை 20, 30 வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

பைக், ஸ்கூட்டருக்குப் பின்னால் ஆள் ஏறினால் பின் டயரில் சில பாயிண்ட் கூட்டச் சொல்லிப் பல வண்டிகளில் ஸ்டிக்கரிலேயே இருக்கும். மீன் கூடை கட்டிப் போகும் வண்டிக்கும் அதே எண். முன் டயருக்குக் கூட்ட வேண்டியதில்லை. கூட்டினால் மணல் சிதறிய வளைவில் வழுக்கும்.

ஸ்டெப்னியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அதற்கு ஸ்டிக்கரில் உள்ள பெரிய எண்ணோடு மூன்று கூட்டி வைத்துவிட்டால் எந்தச் சக்கரத்துக்கும் உதவும். தேவைப்படும்போது இறக்குவது சுலபம், ஏற்றுவது கஷ்டம். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் கொடுத்திருந்தால் அதன் சுவரிலேயே 60 என்று தனி எண் இருக்கும், வேகம் 80-க்குள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் உப்பு முதலில் பிடிப்பது அதன் சங்கிலியையும் போல்ட்டையும்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, காற்றை அளந்து, போல்ட்டில் கிரீஸ் தடவி, வால்வு கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றாமலே கேஜ் வைத்துப் பார்க்கலாம்.